கூடைக்குப் பின்னால் மாட்டிய விளக்கு

கேள்வி: சேலம் லீ பஜாரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு கன்னங்குறிச்சியில். மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் ஒன்றரை வருடமாக வேலைக்குப் போய் வருகிறேன். கிளம்பும்போது இரவு எட்டரை ஆகிவிடும். அஸ்தம்பட்டி வரை கடை வெளிச்சம் துணைக்கு வருகிறது. ஏரிப் பக்கம் நெருங்கினால் இருட்டு. இணையத்தில் '3000 லூமன், 5 மணி நேரம்' என்று விளம்பரம் செய்திருந்த விளக்கை 450 ரூபாய்க்கு வாங்கி ஹேண்டில் பாரில் மாட்டினேன். எதிரே வருகிறவர்கள் கண் கூசுகிறது என்று திட்டுகிறார்கள். எனக்கோ சாலை சரியாகத் தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் மங்கியும் போகிறது. 2000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? சிமிட்டும் நிலையில் வைப்பது நல்லதா? அப்பாவின் பழைய சைக்கிள் டைனமோ பரணில் இருக்கிறது, அது உதவுமா? பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறது, அது போதும் என்று நினைக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கியர் சைக்கிளில் ஏற்காடு ஏறுகிறான். அவனுக்கும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

அன்புள்ள சகோதரிக்கு,

முன்விளக்கைப் பற்றி இத்தனை கேட்டிருக்கிறீர்கள். பின்பக்கத்தை மட்டும் 'ரிஃப்ளெக்டர் போதும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிதான் எனக்குக் கவலை தந்தது. முப்பது வருடமாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன். விளக்கு வேண்டும் என்று வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னால் மாட்டத்தான் கேட்கிறார்கள். உங்கள் 2000 ரூபாயில் முதல் செலவு பின்விளக்காக இருக்கட்டும். மீதியில் முன்விளக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

எதிரே இருக்கிற பள்ளம் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்கலாம், இறங்கித் தள்ளிக்கொண்டும் போகலாம். பின்னால் வருகிற லாரி ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை என்றால் உங்களால் ஒன்றுமே செய்ய முடியாது. அவர் வண்டியை ஒதுக்குவதற்கு இடமும் நேரமும் இருக்கும்போதே நீங்கள் அவர் கண்ணில் பட வேண்டும்.

ரிஃப்ளெக்டர் தானாக ஒளிர்வதில்லை. பெட்டியின் உள்மூலை போன்ற நுண்ணிய குழிகள் அதற்குள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எந்தத் திசையிலிருந்து ஒளி வருகிறதோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. முகப்பு விளக்கு நேராக அதன் மேல் விழுந்தால் பிரமாதமாகத் தெரியும். விளக்கு அவிந்த ஆட்டோவுக்கோ, பக்கத்துச் சந்திலிருந்து திரும்புகிற வேனுக்கோ அது தெரியாது. எங்கோ இடித்து மட்கார்டு வளைந்து ரிஃப்ளெக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குமே தெரியாது. பட்டறைக்கு வருகிற சைக்கிள்களில் பாதியில் அது தூசி மண்டித்தான் இருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய இரு சக்கர வாகனங்கள் எல்லாம் முகப்பு விளக்கு எப்போதும் எரிகிற மாதிரிதான் வருகின்றன. சுற்றிலும் எல்லாரும் ஒளிர்கிற சாலையில் ஒளிராத ஒருவர் கண்ணில் படுவது முன்பைவிடக் கடினம்.

ரிஃப்ளெக்டரைக் கழற்ற வேண்டாம், துடைத்து நிமிர்த்தி வையுங்கள். பேட்டரி தீர்ந்துபோகிற இரவில் அது ஒன்றுதான் காவல். அதோடு, தானே எரிகிற ஒரு சிவப்பு விளக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லூமன் என்பது ஒளியை அளக்கிற அலகு; இரவுக்கு 20 முதல் 40 லூமன் வரை இருந்தால் தாராளம். நூறு லூமன் சிவப்பு விளக்குகள் பகல் வெயிலிலும் தெரிவதற்காகச் செய்தவை. இரவில் அவை பின்னால் வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் ஒளி தெரிகிறதா என்று கடையிலேயே கையில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள்.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். விளக்கோடு வருகிற ரப்பர் பட்டை சீட்டுக் குழாயில் சுற்றுவதற்கு வசதியாக இருக்கும். ஆனால் நீங்கள் உட்கார்ந்ததும் துப்பட்டாவோ சேலை முந்தானையோ அதன் மேல் விழும். கேரியரில் பை கட்டினால் பை மறைத்துவிடும். சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கும்போது பளிச்சென்று எரியும், ஓட்டும்போது யாருக்கும் தெரியாது. அதனால் கேரியரின் பின் விளிம்பில், கம்பிக்குக் கீழே, ஒரு சின்ன இரும்புப் பட்டையைத் திருகி அதில் மாட்டுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது இருபதடி பின்னால் நிற்க வைத்து, நீங்கள் வழக்கமான உடையில், வழக்கமான பையோடு ஏறி உட்கார்ந்து, தெரிகிறதா என்று கேளுங்கள்.

இனி நீங்கள் வாங்கிய விளக்கு. உங்களை ஏமாற்றிவிட்டார்கள். எண்களை எழுதிப் பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கணக்கு எழுதுகிறவருக்கு இது பெரிய வேலை இல்லை. இந்த வகை எல்.இ.டி. விளக்கு ஒரு வாட் மின்சாரத்தில் சுமார் 100 லூமன் ஒளி தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3000 லூமனுக்கு 30 வாட் வேண்டும். அது 5 மணி நேரம் எரிய 150 வாட் மணி மின்சாரம் பேட்டரியில் இருந்தாக வேண்டும். இந்த விளக்குகளில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல்தான் இருக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். இந்த அளவுச் செல்லில் கடைகளில் கிடைக்கிற மிக நல்லதே சுமார் 3500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுதான். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 13 வாட் மணி. ஆக, விளம்பரத்தில் சொன்னது நிஜமாக வேண்டுமென்றால் உள்ளே பன்னிரண்டு செல் இருக்க வேண்டும். ஒரு செல் 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். செல் மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல். உங்கள் கடைத் தராசில் அந்த விளக்கை வைத்துப் பாருங்கள். அதன் மேல் 9900 மில்லி ஆம்பியர் மணி என்றெல்லாம் அச்சிட்டிருந்தால் அது வெறும் அச்சுதான்.

உண்மையில் உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? லீ பஜாரிலிருந்து கன்னங்குறிச்சி ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சிக்னல்களையும் சேர்த்து முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அந்த வேகத்தில் ஒரு பள்ளத்தைக் கண்டு, மூளைக்கு எட்டி, பிரேக் பிடித்து நிற்பதற்குள் சைக்கிள் சுமார் பத்து மீட்டர் ஓடிவிடும். சாலை ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ஆகவே பதின்மூன்று, பதினான்கு மீட்டர் தூரத்துச் சாலை தெளிவாகத் தெரிந்தால் போதும். அதற்கு உண்மையான 200 முதல் 300 லூமன் விளக்கு நிறைய. 300 லூமனில் எரித்தால் மூன்று வாட்; முக்கால் மணிக்கு இரண்டேகால் வாட் மணி. 2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் 7.4 வாட் மணி இருக்கும். மூன்று இரவு தாங்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள். பேட்டரிக்கு வயதானாலும் அந்தப் பழக்கம் காப்பாற்றும்.

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. அது எங்கே விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஒரு குடம் தண்ணீர் எடுத்து வாசல் தெளிக்கிறீர்கள். கோலம் போடுகிற இடம் நனைந்ததா, தெருவில் போகிறவர் நனைந்தாரா என்பது கை வீசுகிற விதத்தில் இருக்கிறது. குடத்துத் தண்ணீர் லூமன். தரை எவ்வளவு நனைந்தது என்பது லக்ஸ். டார்ச் போல வட்டக் கண்ணாடி வைத்த விளக்கு ஒளியை மேலும் கீழும் ஒரே அளவில் வீசுகிறது. மேல் பாதி எதிரே வருகிறவரின் கண்ணுக்கும் மரக்கிளைக்கும் போகிறது. அவர் திட்டுவதும், உங்களுக்குச் சாலை தெரியாததும் ஒரே குறையிலிருந்து வருகிறவை. கண் கூசிய ஓட்டுநர் சில நொடிகளுக்கு எதையும் பார்க்க மாட்டார் என்பதால் ஆபத்து திரும்ப உங்களிடமே வருகிறது.

வாங்குமுன் கடைச் சுவரில் அடித்துப் பாருங்கள். பௌர்ணமி நிலா மாதிரி வட்டமாக விழுந்தால் அது டார்ச். மேல் விளிம்பு கத்தியால் நறுக்கிய மாதிரி நேர்கோடாகவும், அதற்குக் கீழே அகலமாகவும் ஒளி விழுந்தால் அது சாலைக்கென்றே செய்த விளக்கு, அதை எடுங்கள். ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கக்கூடாது என்பது சட்டம். அங்கே அங்கீகாரம் பெற்ற விளக்கில் ஓர் அலைக்கோடும், 'கே' என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அந்த முத்திரை உள்ள விளக்கு உங்கள் பட்ஜெட்டில் கிடைப்பது அரிது. ஆனால் அதே மாதிரி ஒளியை நறுக்கி விழ வைக்கிற விளக்குகள் ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரூபாயில் இப்போது வருகின்றன. கிடைக்கவே இல்லை என்றால் உங்களிடம் இருப்பதையே கீழ்நோக்கிச் சாய்த்து, குறைந்த வெளிச்சத்தில் வைத்து, கண்ணாடியின் மேல் பாதிக்கு வெளியே நீட்டியபடி ஒரு தகரக் கூரை ஒட்டுங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன். மகளுக்குக் கிடைத்த சைக்கிள் என்றால் முன்னால் கம்பிக்கூடை இருக்கும். ஹேண்டில் பாரில் மாட்டிய விளக்கு அந்தக் கூடைக்குப் பின்னால் இருக்கிறது. அப்படித்தானே? சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்மணி இதே குறையோடு வந்தார். பட்டறை விளக்கை அணைத்துவிட்டு அவருடைய விளக்கைப் போட்டோம். எதிர்ச் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கம்பி நிழல். கூடைக்குள் அவருடைய எவர்சில்வர் சாப்பாட்டுத் தூக்கை வைத்தேன். சுவரின் நடுவில் பானை அளவுக்கு ஓர் இருட்டு விழுந்தது. தூக்கின் மேல்மூடியில் பட்ட ஒளி திரும்பி வந்து என் கண்ணில் அடித்தது. தினமும் இரவு அவர் அந்த நிழலைத்தான் சாலை என்று நினைத்துத் துழாவிக்கொண்டு போயிருக்கிறார். விளக்கில் ஒரு குறையும் இல்லை.

கூடைக்கு முன்னால், அதன் அடி விளிம்பை ஒட்டி விளக்கு வர வேண்டும். வெல்டிங் கடையில் எல் வடிவத்தில் ஒரு பட்டை வளைத்து, முன் பிரேக்கைப் பிடித்திருக்கிற போல்ட்டிலேயே கோத்துவிடலாம். அதன் நுனியில் விரல் நீளக் குழாய்த் துண்டு ஒன்றைப் பற்றவைத்தால் விளக்கின் பிடி அதில் உட்காரும். கூடை ஆடும் என்பதால் கூடையிலேயே கட்ட வேண்டாம்; வெளிச்சமும் ஆடும். தாழ்வாக மாட்டுவதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஒளி சாய்வாகப் போவதால் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உயரத்திலிருந்து விழுகிற ஒளியில் பள்ளமும் மேடும் ஒரே சமதளமாகத் தெரியும்.

மாட்டிய பிறகு கோணம் சரிசெய்யாமல் விடாதீர்கள். சமதரையில், சுவரிலிருந்து விளக்கு பதினைந்தடி தள்ளி இருக்கும்படி சைக்கிளை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 30 அங்குலம் என்று வைப்போம். ஒளியின் மிகப் பிரகாசமான நடுப்பகுதி சுவரில் 20 அங்குல உயரத்தில், அதாவது மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் விழ வேண்டும். அந்தச் சாய்வில் அது சாலையில் 45 அடி தூரத்தில் தரையைத் தொடும். மேலே சொன்ன பதின்மூன்று, பதினான்கு மீட்டர் அதுதான். பிடியின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நகர்ந்தால் உடனே தெரியும்.

முன்விளக்கைச் சிமிட்ட விடாதீர்கள். விளக்கு அணைகிற ஒவ்வொரு கணமும் சாலை உங்களுக்கு மறைகிறது. எதிரே வருகிறவருக்கும் நீங்கள் எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் வருகிறீர்கள் என்று மட்டுக்கட்டுவது கடினமாகிறது. பின்விளக்கிலும் நான் நிலையாக எரிவதையே சொல்வேன். சிமிட்டல் கவனத்தை இழுக்கும் என்பது உண்மை. அதனால் பணம் மிச்சம் இருந்தால் இரண்டாவதாக ஒரு சின்னச் சிவப்பு விளக்கு வாங்கி அதை மெதுவாகச் சிமிட்ட விடுங்கள். தூரத்தை மட்டுக்கட்ட நிலையான ஒளியும், கவனத்துக்குச் சிமிட்டலும் இருக்கும். இரண்டில் ஒன்று அணைந்தாலும் மற்றது எரியும்.

நூறு ரூபாயை ஒளிர்பட்டைக்கு ஒதுக்குங்கள். லாரிகளின் பின்னால் ஒட்டுகிற அதே பட்டை வண்டி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். மட்கார்டிலும் செயின் கவரிலும் ஒட்டுங்கள். அதைவிட முக்கியம் பெடல். மேலும் கீழும் போய் வருகிற இரண்டு ஒளிப்புள்ளிகளைக் கண்டால், அது மிதிக்கிற மனிதக் கால் என்று பார்க்கிறவரின் மூளை உடனே புரிந்துகொள்கிறது. கணுக்காலில், கொலுசு இருக்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஒளிர்பட்டை வைத்த ஒரு நாடா கட்டிக்கொண்டாலும் அதே பலன். வெள்ளைச் சேலை கட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வெள்ளைத் துணி தன் மேல் விழுகிற ஒளியை நாலாபக்கமும் சிதறவிடுகிறது. ஓட்டுநரின் கண்ணுக்கு வருவது கொஞ்சம்தான். பட்டை ஒளியை அவருக்கே திருப்பி அனுப்புகிறது.

மழைக்கு ஐ.பி.எக்ஸ் 4 என்று குறித்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள். நம் ஊரில் ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியோடு கொட்டுகிற மழைக்கு ஐ.பி.எக்ஸ் 5 அல்லது 6 இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். சார்ஜ் துளையை மூடுகிற ரப்பர் மூடியைக் கிள்ளி எறிந்துவிட்டால் இந்த எண்களுக்கு மதிப்பே இல்லை. நனைந்த விளக்கைத் துடைத்து, துளை உலர்ந்த பிறகு சார்ஜில் போடுங்கள். சித்திரை வெயிலில் நிற்கிற சைக்கிளில் விளக்கை விட்டுவைக்க வேண்டாம், லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது. கழற்றி மேசை இழுப்பறையில் வையுங்கள். திருட்டுக்கும் அதுதான் வழி.

உங்கள் மகனுக்கு வேறு கணக்கு. ஏற்காட்டுக்கு ஏறும்போது வேகம் குறைவு. சின்ன விளக்கே போதும், ஆனால் பின்விளக்கு எரிந்தாக வேண்டும். இறங்கும்போதுதான் சிக்கல். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு முப்பது மீட்டருக்கு மேல் வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கிற பாதை அது. ஹேண்டிலில் இருக்கிற விளக்கு சைக்கிளின் மூக்கு பார்க்கிற திசைக்குத்தான் ஒளி அடிக்கும்; வளைவில் அது பள்ளத்தாக்குப் பக்கம் போய்விடும், திரும்ப வேண்டிய சாலை இருட்டில் இருக்கும். ஹெல்மெட்டில் ஒரு சின்ன விளக்கு இருந்தால் தலை திரும்புகிற பக்கம் ஒளியும் திரும்பும். மேலே மூடுபனி இறங்கியிருந்தால் ஹெல்மெட் விளக்கை அணைத்துவிடச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகிற ஒளி பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்வாக மாட்டிய விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, வேகத்தையும் குறைப்பதுதான் வழி. காபித் தோட்டத்திலிருந்து காட்டெருமை சாலைக்கு வருகிற மலை அது; கறுத்த உடம்பு இருட்டில் பக்கத்தில் வரும்வரை தெரியாது. இருட்டு இருக்கும்போது ஏறட்டும், விடிந்த பிறகு இறங்கட்டும். எந்த விளக்கை வாங்கிக் கொடுத்தாலும் இந்த நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக, அப்பாவின் டைனமோ. என் அப்பா பட்டறை நடத்திய நாளில் பொழுது சாய்ந்தால் டைனமோ பல்பு கேட்டு ஆள் வருவார்கள். விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் அப்போது எல்லாருக்கும் இருந்தது. டயரின் பக்கவாட்டில் சாய்ந்து உருளுகிற அந்தக் குப்பி டைனமோ பெரும்பாலும் 6 வோல்ட், 3 வாட். அன்றைய இழை பல்பு அந்த மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடித்தது. அதே 3 வாட்டில் இன்றைய எல்.இ.டி. உங்களுக்குத் தேவையான முழு வெளிச்சத்தையும் தந்துவிடும். ஆனால் டைனமோவிலிருந்து வருவது மாறுதிசை மின்னோட்டம், எல்.இ.டி.யை நேராக இணைக்கக்கூடாது, டைனமோவுக்கென்றே செய்த விளக்காக இருக்க வேண்டும். சிக்னலில் நின்றால் அணையாமல் இருக்க, மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கிற மின்தேக்கியும் அதில் வேண்டும். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும், மிதிப்பதும் கனக்கும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிற உங்களுக்கு அந்தக் கனம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆனால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பரணிலிருந்து இறக்கித் துடைத்து, தலை உருளையின் அடியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். மறுநாள் 6 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு முனையை அடியில் இருக்கிற திருகிலும், இன்னொரு முனையை உடம்பிலும் பிடித்து, உருளையை உள்ளங்கையால் வேகமாகத் தேய்த்து விடுங்கள். பல்பு மினுங்கினால் உள்ளே காந்தமும் சுருளும் நன்றாக இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாருங்கள். கூடைக்கு முன்னால் வர வேண்டிய பட்டையை அளவெடுக்க எப்படியும் சைக்கிளைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.